பிக்கப்பின் டேங்கையும் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிய என் அனுபவம்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய என் பிக்கப்பில், டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பும்போதெல்லாம் பெட்ரோல் வாடை வீசத் தொடங்கியது. அடியில் படுத்துப் பார்த்தபோது, டேங்கின் மேல்விளிம்பு ஈரமாக இருந்ததுடன், சேஸி எனும் அடிச்சட்டத்தில் கிளிப் பிடித்திருந்த இடங்களில் பெட்ரோல் குழாய்கள் செதில் செதிலாக உரிந்திருந்தன. சேறும் ஈரமும் தங்குவது அந்தக் கிளிப்புகளுக்கு அடியில்தான்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, மிச்சமிருந்த பெட்ரோலைத் திறந்தவெளியில் மூடியுள்ள கேனுக்கு மாற்றிய பிறகே, டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் கை வைத்தேன். துருவை இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே அடித்திருந்தும் ஒரு போல்ட் முறிந்தது. நல்ல வேளையாக, டேங்கின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் முட்டுக் கொடுத்திருந்தேன். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பைப் பிடித்திருந்த பூட்டு வளையத்தை, தீப்பொறி எழாதிருக்கப் பித்தளைத் துண்டை வைத்தே தட்டித் திருப்பினேன்.

குழாய்க்கு நிக்கல் கலந்த செம்பைத் தேர்ந்தெடுத்தேன். அது இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் வேலைதான் பொறுமையைச் சோதித்தது: நட்டைக் கோக்க மறந்து முனையை விரித்துவிட்டு, அதை வெட்டி எறிந்தது ஒருமுறையல்ல. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் பீய்ச்சப்படும் அழுத்தத்தை, பழைய கார்புரேட்டர் இன்ஜின்களுக்கான ரப்பர் ஹோஸ் தாங்காது என்பதால், ரப்பர்த் துண்டுகளையும் இன்ஜெக்‌ஷனுக்குரிய தரத்திலேயே வாங்கினேன்.

புது டேங்கையும் புது ஃபில்டரையும் மாட்டி, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மூன்று முறை திருப்பிப் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓர் இணைப்பு மட்டும் கசிந்தது. கால் சுற்று இறுக்கியதும் நின்றது.