கடவுள் தந்த திறமையைப் பிறருக்குப் பயன்படுத்துவது எப்படி?

பைபிளில் மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், பயணம் போகும் எஜமான் தன் வேலைக்காரர்களில் ஒருவனுக்கு 5 தாலந்து (அக்காலத்துப் பெரும் பணத்தொகை), இன்னொருவனுக்கு 2, மற்றவனுக்கு 1 கொடுக்கிறார். அவர் திரும்பி வந்து கணக்குக் கேட்கும்போது மாட்டிக்கொள்பவன், இருந்த ஒன்றையும் புதைத்து வைத்தவன்தான். எனவே உங்கள் திறமையின் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மற்றவர்கள் உங்களிடம் அடிக்கடி என்ன உதவி கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். படிவம் நிரப்பவா, தையல் மெஷினைச் சரிபார்க்கவா? உங்கள் ஆசைகளைவிட இந்தப் பட்டியல் நம்பகமானது.

பிறகு, தேவையைக் கேட்டறியுங்கள். குரல் வளம் உள்ளவர், பார்வையற்ற மாணவருக்குப் பாடத்தைப் பதிவுசெய்து தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடிப்போடு வாசிக்கத் தோன்றும். மாணவருக்கு அது இடைஞ்சல்தான். பாடத்துக்கொரு கோப்பு, தொடக்கத்தில் பக்க எண், படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் வாய்மொழி விளக்கம் இவைதான் முக்கியம். மின்விசிறியை அணைத்துவிட்டு, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதிப் பொதுக்கென்று கேட்கும். முதல் 2 நிமிடத்தை அனுப்பி, வேகம் சரியா என்று கேட்ட பிறகே மீதியைத் தொடருங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது நேரத்தில்தான். தினமும் செய்கிறேன் என்று ஆர்வத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் வாரம் காணாமல் போவதைவிட, வாரம் 1 மணி நேரம், 3 மாதம் என்று எல்லை சொல்லித் தொடங்குங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் நீங்கள் கேட்கும் மன்னிப்பால் மாணவருக்குப் பயனில்லை. அவர் படத்தைப் போட்டு விளம்பரம் தேடுவதும் கூடாது. 3 மாதம் முடிவதற்குள் இன்னொருவருக்கும் இந்த வேலையைப் பழக்கிவிடுங்கள்.