கள்ளக் கேட்ரிட்ஜின் பூர்வீகத்தைக் கண்டறிவது எப்படி?

பழைய கேம் கன்சோல்களுக்கு வந்த கள்ளக் கேட்ரிட்ஜை, அதாவது நம்மில் பலர் ‘கேசட்’ என்றே அழைத்துப் பழகியதை, யார் செய்தார்கள் என்று மேலே ஒட்டிய படத்தை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஒருவர் செய்த ஆட்டத்தை இன்னொருவர் பெயரை அழித்து, வேறு படம் ஒட்டி விற்றது அந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். ஆனால் உள்ளே எழுதப்பட்ட தரவை முழுவதுமாகத் துடைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. நம் தேடல் அங்கேதான் நடக்க வேண்டும்.

முதலில் பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலில், அசல் கேட்ரிட்ஜ்தானா என்று சோதிக்கும் பூட்டுச் சிப் கிடையாது. 1985இல் அமெரிக்காவுக்குச் சென்ற அதன் மாற்று வடிவமான என்இஎஸ் கன்சோலில்தான் அது சேர்ந்தது. பூட்டு இல்லாததால் 60 முனை கொண்ட ஃபேமிகாம் கேட்ரிட்ஜை நகலெடுப்பது எளிதாயிற்று. தைவானின் யூஎம்சி நிறுவனம் ஃபேமிகாம் சிப்களுக்கு மாற்றான சிப்களைத் தயாரித்தபோது, கன்சோலையே நகலெடுக்கவும் வழி பிறந்தது. ஆகவே உங்கள் கையில் இருப்பது 60 முனை கேட்ரிட்ஜ் என்றால், தைவானையும் சீனாவையும் முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்து, திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள். நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம் பாயின் கேட்ரிட்ஜுக்கு 3.8 மி.மீ. அளவுள்ள தனி வகைத் திருகுமுனை தேவைப்படும். கத்தியால் நெம்பாதீர்கள், உறை உடைந்துவிடும். போர்டில் சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் உருண்டை இருந்தால் அது மலிவுத் தயாரிப்பின் அடையாளம். எனினும் உரிமம் பெற்ற சில ஃபேமிகாம் கேட்ரிட்ஜ்களிலும் அந்த உருண்டை உண்டு என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். போர்டில் அச்சான எண்களைப் படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது படிதான் முக்கியமானது. கேட்ரிட்ஜைப் படிக்கும் டம்பர் கருவியால் தரவைக் கணினிக்கு எடுத்து, கன்சோலைப் போலவே கணினியில் ஆட்டத்தை இயக்கும் மென்பொருளான எமுலேட்டரின் டைல் பார்வையில் திறவுங்கள். டைல் என்பது திரைப்படத்தை உருவாக்கும் சின்னச் சதுரம். ஃபேமிகாமில் ஒவ்வொரு டைலும் 8×8 புள்ளிகள், 16 பைட்டுகள். ஆட்டத்தில் எங்கும் தோன்றாத எழுத்துகளும், பழைய தலைப்பின் துண்டுகளும் இந்தச் சதுரங்களுக்கு நடுவே கிடக்கலாம். எழுத்தைச் சாதாரணத் தேடலில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. ஏனெனில் எழுத்துகள் டைல் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தின் எண் 10. எனவே எழுத்துகளுக்கு இடையிலான வித்தியாசத்தை வைத்துத் தேடும் வசதி கொண்ட, பைட்டுகளைத் திறந்து பார்க்கும் எடிட்டர் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ‘99,99,999 ஆட்டங்கள்’ என்று பெருமை பேசும் தொகுப்பையும் இப்படித் திறந்தால், ஒரு சில ஆட்டங்களே தொடக்க நிலையை மாற்றித் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

கேம் பாயாக இருந்தால், பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முகவரியில் 0104 முதல் 0133 வரையுள்ள 48 பைட்டுகளைப் பாருங்கள். நின்டெண்டோ சின்னம் அங்கே இருந்தாக வேண்டும். கன்சோல் அதை முதலில் திரையில் காட்டவும், பிறகு சரிபார்க்கவும் என இரண்டு முறை படிக்கிறது. தைவானின் சாச்சென் நிறுவனம் முதல் முறை தன் சின்னத்தையும் இரண்டாம் முறை நின்டெண்டோ சின்னத்தையும் கொடுத்துத் தப்பித்தது. இந்த நுணுக்கத்தைக் கண்டால் பூர்வீகம் கிட்டத்தட்ட உறுதி.

கடைசியாக, இசையைக் கேளுங்கள். சேகா நிறுவனத்தின் சோனிக் ஆட்டத்தில் சோனிக்குக்குப் பதிலாக மாரியோ ஓடும் ‘சோமாரி’ (1994) தைவானின் ஹம்மர் டீம் குழுவின் ஆட்டம். அந்தக் குழுவின் பல ஆட்டங்களில் ஒரே ஒலி நிரல்தான், அதாவது இசையை ஒலிக்கச் செய்யும் நிரல்தான், இயங்குகிறது. உங்கள் ஆட்டத்தின் ஒலி நிரலை, பூர்வீகம் தெரிந்த ஓர் ஆட்டத்தின் நிரலோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். காதுக்கு ஒன்றுபோல் கேட்பது மட்டும் போதாது. நிரல் பொருந்தினால்தான் குழுவின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.