அரிய வருத்தம் உள்ள பிள்ளையின்ர வீட்டுக்கு கமராவோட ஆக்கள் வந்தால் என்ன செய்யிறது

அக்கான்ர மகளுக்கு பிறப்பிலயிருந்தே லமெல்லார் இக்தியோசிஸ் எண்டொரு தோல் வருத்தம். லட்சம் பேரில ஒராளுக்கு வாறதே பெரிசு. எங்களுக்கு உரியிறமாதிரி அவளுக்கு தோல் ஒழுங்கா உரியாது, அடுக்கடுக்கா காய்ஞ்சு நிண்டு வெடிக்கும், வேர்வை வெளிய வாற வழி அடைபடும், அதால உடம்புச் சூடு இறங்காது. காலமை கனநேரம் தண்ணிக்க ஊறி, ஈரம் காய முதல் உடம்பு முழுக்க வெள்ளை வசலின் பூசி, கண்ணுக்கு மருந்து விட்டு, பேந்துதான் பள்ளிக்கூடம். கொப்பி மட்டை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா இருக்கும், ஆனா எழுத்து வடிவு.

அவளுக்கு 7 வயசா இருக்கேக்க செய்திக்கெண்டு ரெண்டு பேர் கமராவோட வந்தவை. நாங்கள் நல்லதுக்குத்தான் எண்டு விட்டிட்டம். சத்தம் விழுகுது எண்டு ஃபானை நிப்பாட்டச் சொல்லிச்சினம், சித்திரை வெக்கை, கதவும் சாத்தியாச்சு. முக்கால் மணித்தியாலம் இருக்கும், பிள்ளை முகம் எல்லாம் சிவந்து நாக்கு வறண்டு சோர்ந்துபோய் அக்கான்ர மடியில சாய்ஞ்சிட்டா, அதைத்தான் கடைசியா சோகப் பாட்டுப் போட்டு காட்டினவை. அண்டைக்கு அவளைக் கஷ்டப்படுத்தினது வருத்தமில்லை, நிப்பாட்டின ஃபான். தலைப்பு "பாம்புத் தோலோடு வாழும் சிறுமி". அடுத்த கிழமையே ஊருக்க நாகதோஷம் எண்டு கதை, அத்தான் பாம்பை அடிச்சவரோ எண்டு கேட்டவை, நயினாதீவுக்குப் போய் நாகம் வைச்சுக் கும்பிடச் சொன்னவை. நாகபூசணி அம்மனை நாங்களும் வருசா வருசம் கும்பிடுற ஆக்கள்தான், ஆனா பிள்ளைக்குப் பக்கத்தில என்ர பிள்ளையை இருத்தவேண்டாம் எண்டு ஒரு தாய் பள்ளிக்கூடத்தில போய்ச் சொன்னதை எந்தச் சாமியிட்டச் சொல்லி அழுறது.

அதுக்குப் பிறகு பழகினதுகளைத்தான் எழுதுறன். இக்தியோசிஸுக்கு மட்டுமில்லை, தசை தேயிற வருத்தம், எலும்பு நொறுங்கிற வருத்தம், தோல் கொப்பளிக்கிற வருத்தம், என்னவா இருந்தாலும் இது உதவும். உலகத்தில 6000க்கு மேல அரிய வருத்தங்கள் இருக்கு, கூடின பங்கு பரம்பரை அலகால, அதாவது மரபணுவால, வாறது, கனக்க பிள்ளை வயசிலயே தொடங்கிறது. அதால எங்கட ஊரிலயும் இப்பிடி வீடுகள் நீங்கள் நினைக்கிறதை விடக் கூட.

முதல் வேலை, ஓம் எண்டு உடன சொல்லாதேங்கோ. வாசல்ல வந்து நிக்கிறவையை இருத்தி தேத்தண்ணி குடுங்கோ, அது எங்கட பழக்கம், ஆனா கமராவை அண்டைக்கு எடுக்க விடாதேங்கோ. எந்த பேப்பர், எந்த சனல், ஆர் பாக்கிறது, எப்ப வரும், யூரியூப்பிலயும் போடுவீங்களோ எண்டு கேட்டு போன் நம்பரை வாங்கி வையுங்கோ. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுறம் எண்டால் நல்ல ரிப்போட்டர் காத்திருப்பார். இல்லை இப்பவே வேணும் எண்டு நிக்கிறவருக்கு வேண்டியது உங்கட பிள்ளையின்ர கதை இல்லை.

அந்த ரெண்டு நாளுக்க வீட்டுக்க இருந்து கதையுங்கோ, எங்களுக்கு இந்தச் செய்தி என்னத்துக்கு? சனத்துக்கு விளங்கப்படுத்தவோ, பள்ளிக்கூடத்தில இடம் எடுக்கவோ, காசு சேர்க்கவோ? காசுக்கெண்டால் என்ன சாமானுக்கு, எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு எண்டு கணக்கா எழுதுங்கோ, எக்கவுண்ட் தாய் தகப்பன்ர பேரில மட்டும் இருக்கட்டும், வீடியோ எடுத்தவரின்ர எக்கவுண்டுக்குப் போகவே கூடாது. காசுச் செய்தியில இன்னொரு பிழையும் நடக்கும். முதுகெலும்புத் தசைச்சிதைவு எண்ட எஸ்.எம்.ஏ. வருத்தத்துக்கு ஒரு மரபணு மருந்தை 2019ல அமெரிக்கா 2 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு அனுமதிச்சது, விலை 21 லட்சம் டொலர். இந்தியாவில "16 கோடி ரூபா ஊசி" எண்டு செய்தி செய்தியா வந்தது. அந்த மருந்து பெரிய விசயம், மறுக்கேல்லை, ஆனா கெதியாப் போட்டால்தான் கூடப் பலன், இழந்த பலம் எல்லாத்தையும் அது திருப்பித் தராது எண்டதுக்கு தலைப்பில இடம் இருக்காது. பேந்து ஊசி போட்ட வீட்டைப் பாத்து ஏன் பிள்ளை இன்னும் நடக்கேல்லை எண்டு சனம் கேக்கும்.

அடுத்தது நாலு வசனம், ஒரு பேப்பரில தமிழில எழுதுங்கோ. கிளினிக் டொக்டரிட்ட அல்லது நேர்ஸிட்ட காட்டி பிழை திருத்துங்கோ. எங்கட பேப்பரில இருக்கிறது இது: இந்த வருத்தத்தின்ர பேர் லமெல்லார் இக்தியோசிஸ். இது பரம்பரை அலகால வாறது, தொட்டால் தொற்றாது, சேர்ந்து சாப்பிட்டாலும் தொற்றாது. வெக்கை இவவுக்கு ஆபத்து, வகுப்பில ஜன்னல் பக்கமும் ஃபானும் தண்ணிப் போத்திலும் வேணும். இவ ஆறாம் வகுப்புப் படிக்கிறா, கணக்கு விருப்பம், தோட்டத்தில பயித்தங்காய் வைச்சிருக்கிறா. அவ்வளவுதான். வாறவருக்கு அதின்ர ஒரு பிரதி குடுத்திட்டு, இந்த நாலும் வராட்டி செய்தி வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாலாவது வசனத்தை விட்டிடாதேங்கோ, அது இல்லாட்டி பிள்ளை வெறும் தோலாத்தான் பேப்பரில வரும்.

ஏன் வந்தது எண்டு கேப்பினம், அதுக்கும் மறுமொழி ஆயத்தமா இருக்கவேணும். "சொந்தத்துக்க கட்டினதோ" எண்டுதான் முதல் கேள்வியே வரும். தாயிட்ட ஒண்டு தகப்பனிட்ட ஒண்டா பிழையான அலகு இருந்து ரெண்டும் பிள்ளைக்குச் சேரேக்கதான் இந்த வகை வருத்தம் வரும், ஒவ்வொரு கர்ப்பத்திலயும் நாலில ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்க கட்டினால் அந்த வாய்ப்பு கூடும், உண்மை. ஒரு சொந்தமும் இல்லாத ரெண்டு பேருக்கும் வரும், அதுவும் உண்மை. அக்காவும் அத்தானும் வேற வேற ஊர் ஆக்கள். இதைச் சொல்லிப்போட்டு, தாயைக் குற்றவாளி மாதிரி காட்டினால் பேட்டியை நிப்பாட்டுவம் எண்டும் சொல்லுங்கோ. எங்கட அக்கா அந்தக் கேள்விக்கு அண்டைக்கு தலையைக் குனிஞ்சா, குனிஞ்சதை கிட்டவா எடுத்துப் போட்டிச்சினம், அதைப் பாக்க எனக்கு இப்பவும் நெஞ்சு எரியும்.

எடுக்கிற அண்டைக்கு பிள்ளைக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கோ, பின்னேரம் வெயில் தாழ வரட்டும். ஃபான் ஓடும் எண்டு முதலே சொல்லுங்கோ, சத்தம் பிடிக்காட்டி கழுத்தில கொழுவிற சின்ன மைக் கொண்டு வரட்டும், அது அவையின்ர வேலை. பள்ளிக்கூட யூனிபோம் போடாதேங்கோ, பட்ஜ் தெரியும். கிளினிக் கொப்பியை மேசையில வைக்காதேங்கோ, பேரும் நம்பரும் தெரியும். ஒழுங்கையும் கேற்றும் படத்தில வேண்டாம். சட்டையைக் கழட்டு, கையைத் தூக்கிக் காட்டு எண்டு கேட்டால் பிள்ளையைப் பாத்துக் கேளுங்கோ "காட்டவோ அம்மா" எண்டு, அவள் தலையாட்டாட்டி இல்லைதான். வருத்தம் எப்பிடி இருக்கும் எண்டு சனத்துக்குக் காட்டத்தான் வேணுமெண்டால் ஒரு கையின்ர படம் காணும். மற்றது, "இது இன்னும் எத்தினை வருசத்துக்கு" எண்டமாதிரி கேள்வியளை பிள்ளை கேக்கிற தூரத்தில கேக்க விடாதேங்கோ. 7 வயசுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

தலைப்பைப் பற்றி தனியாக் கதைக்கவேணும். பேப்பரில தலைப்பை கூடுதலா வந்து எடுத்தவர் போடுறேல்லை, ஒஃபிஸில இருக்கிற ஆசிரியர் போடுறவர், அவர் உங்கட பிள்ளையைக் கண்டதே இல்லை. அதால நீங்களே ரெண்டு தலைப்பு எழுதிக் குடுங்கோ. பாம்பு, மீன், மரம், பேய், அதிசயம், சாபம், பாவம் எண்ட சொல் ஒண்டும் வேண்டாம் எண்டும் எழுதிக் குடுங்கோ. இக்தியோசிஸ் எண்டதே மீனைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லில இருந்துதான் வந்தது, அது டொக்டர்மார் வைச்ச பேர், அதைப் பிடிச்சுக்கொண்டு மீன்பிள்ளை எண்டு எழுத வெளிக்கிடுவினம்.

ஒரு பட்டப்பேர் எவ்வளவு காலம் நிக்கும் எண்டதுக்கு ஒண்டு சொல்லுறன். ஜோசப் மெரிக் எண்டு இங்கிலாந்தில 1862ல பிறந்த மனுசன், எலும்பும் தோலும் அளவுக்கு மிஞ்சி வளர்ந்த வருத்தம், "யானை மனிதன்" எண்டு காட்சிக்கு வைச்சு காசு வாங்கினவை, 1890ல 27 வயசில லண்டன் ஆஸ்பத்திரியில காலமானார். அவருக்கு இருந்தது நியூரோபைப்ரோமற்றோசிஸ் எண்டுதான் கனகாலம் எழுதினவை. 1986ல ரெண்டு ஆய்வாளர், அது நியூரோபைப்ரோமற்றோசிஸ் இல்லை, புரோட்டியஸ் எண்ட வேற வருத்தமா இருக்கவேணும் எண்டு காட்டினவை. ஆனா நியூரோபைப்ரோமற்றோசிஸ் கிட்டத்தட்ட 3000 பிள்ளையில ஒண்டுக்கு இருக்கிற வருத்தம், கனபேருக்கு தோலில பால்கோப்பி நிறப் புள்ளியளும் சின்னக் கட்டியளும்தான், அந்தத் தாய்மார் எத்தினை பேர் யானை மனிதன் எண்ட சொல்லை வாசிச்சுப்போட்டு இரவிரவா அழுதிருப்பினம். வருத்தமும் பிழை, பேரும் பிழை, நூறு வருசத்துக்கு மேலயா அது இன்னொருத்தர்ர பிள்ளையின்ர தலையில.

செய்தி பிழையா வந்திட்டுது எண்டால் முதல் ஸ்க்ரீன்ஷொட், பேப்பரெண்டால் அந்தப் பக்கத்தை வெட்டி திகதி எழுதி வையுங்கோ. பிறகு ஆசிரியருக்கு கடிதம், அரைப்பக்கம் காணும், எந்த வசனம் பிழை, சரியானது என்ன, டொக்டர்ர கடிதம் இருந்தால் அதின்ர பிரதி. கோபத்தில பெரிசா எழுதினால் வாசிக்க மாட்டினம், இது நான் பட்டது. பேப்பர்காரர் கணக்கெடுக்காட்டி கொழும்பில பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு எண்டு 2003ல இருந்து இருக்கு, அங்க முறைப்பாடு குடுக்கலாம். பேஸ்புக் யூரியூப் எண்டால் வீடியோவுக்குக் கீழ ரிப்போட் எண்டு இருக்கும், சொந்தக்காரர் எல்லாரையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கோ, கருத்துப் பகுதியில சண்டைக்குப் போகாதேங்கோ, சண்டை கூடக்கூட அது இன்னும் கனபேருக்குப் போகும். பிள்ளையைக் கேவலப்படுத்திறமாதிரி இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929க்கு எடுங்கோ.

எழுதுற தம்பி தங்கச்சியவைக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியர் ஒருத்தரிட்டயாவது கேட்டு எழுதுங்கோ, தொற்றுமோ தொற்றாதோ எண்டதை முதல் பந்தியிலயே போடுங்கோ, சனம் கடைசிப் பந்திக்கு வராது. ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா திரும்பிப் போய்ப் பாருங்கோ, அந்த ரெண்டாவது செய்திதான் அந்த வீட்டுக்கு உதவும்.

பிள்ளை வளர வளர அவளையே கதைக்கப் பழக்குங்கோ, கண்ணாடிக்கு முன்னால நிண்டு அந்த நாலு வசனத்தையும் சொல்லிப் பாக்கட்டும். போன வருசம் ஒரு பிள்ளை, கம்பஸில படிக்கிறவ, கட்டுரை எழுதக் கேட்டு வந்தவ. முதல் நாள் கமரா கொண்டு வரேல்லை, ரெண்டாம் நாள்தான் கொண்டு வந்தவ. அக்கா வாய் திறக்க முதல் எங்கட ஆள் கதிரையை இழுத்து ஃபானுக்கு நேர போட்டு இருந்துகொண்டு, "அக்கா, இது ஓடும், நிப்பாட்ட ஏலாது, சரியோ" எண்டு கேட்டிச்சுது. அந்தப் பிள்ளை ஓம் எண்டிட்டு மைக்கை எடுத்து சட்டையில கொழுவி விட்டவ.