ஒரே உருவம், மூன்று காலங்கள்: ஃபேஷன் ஓவியம் வரையப் பழகுவோம்

அம்மாவின் வீரவநல்லூர் செடிபுட்டா சேலையை (செடி, பூ உருவங்கள் நெய்தது) 1947-இன் பாரிஸ் பாணியில் வரைய ஆசைப்பட்டேன். கை வசப்பட இரண்டு மாதம் ஆனது. நான் பழகிய வழி இது.

முதலில் ஒரு A4 தாளில் 27 செ.மீ. நேர்கோடு போட்டு, 3 செ.மீ.க்கு ஒரு குறி வையுங்கள். உச்சியிலிருந்து முதல் குறி வரை ஒரு தலை; அப்படி மொத்தம் ஒன்பது தலை உயரம். நிஜ உடம்பு ஏறக்குறைய ஏழரைத் தலைதான். ஃபேஷன் ஓவியத்தில் கூடுகிற உயரம் பெரும்பாலும் காலுக்குப் போகும். மேலிருந்து மூன்றாவது குறி இடுப்பு, நான்காவது தொடை பிரியும் இடம், ஆறாவது முழங்கால்.

அடுத்தது நிற்கும் நிலை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வரைந்த பெண்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது போலவே இருந்தார்கள். பக்கத்து வீட்டில் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்த்ததைக் கண்டதும்தான் விஷயம் பிடிபட்டது. கழுத்துக்குழியிலிருந்து குண்டு விட்டால், எடை தாங்கும் காலின் பாதத்தில் அது இறங்க வேண்டும். அந்தக் கால் பக்கம் இடுப்பு எலும்பு மேலேறும், தோள் கீழிறங்கும். இது சரியாக வரும்வரை உடை பக்கம் போகவே வேண்டாம். பத்து உருவமாவது போடுங்கள்.

அப்புறம் காலத்தை மாற்றுவது சுலபம். இடுப்புக்கோட்டை நகர்த்தினால் போதும். 1920களின் நடுப்பகுதி என்றால் கோட்டை நான்காவது குறிக்குச் சற்று மேலே இறக்கி, மார்பைத் தட்டையாக்கி, உடையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியுங்கள். நிழல் போடாதீர்கள். 1912 முதல் 1925 வரை பாரிஸில் வந்த 'கஸெட் டு பான் டான்' ஃபேஷன் இதழின் படங்களுக்கு ஸ்டென்சில் வெட்டி, ஒவ்வொரு நிறமாகக் கையால் பூசினார்கள். அந்தத் தட்டையான நிறமே அவற்றின் அழகு.

1947-இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் இடுப்பை மூன்றாவது குறிக்கே கொண்டுவந்து இறுக்கினார். பாவாடை குடையாக விரிந்து ஏழாவது குறியைத் தாண்டி இறங்கும். 1960களில் இடுப்பே மறைந்து, உடை கீழே அகன்று, முழங்காலுக்கு மேல் நின்றுவிடும்.

டியோருக்காக வரைந்த ஓவியர் ரெனே க்ரூவோவின் தூரிகைக்கோடுதான் எனக்கு உயிர். பாதி உருவத்தை வரையாமலே விடுவார். மீதியை நம் கண் நிரப்பிக்கொள்ளும். இதற்கு பிரஷ் பேனா வேண்டாம். 6-ஆம் எண் வட்டத் தூரிகையும் கறுப்பு மையும் போதும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். பழைய செய்தித்தாளில் பழகலாம். நம்மூர் வெயிலில் தூரிகை நுனி சீக்கிரம் காய்ந்து கோடு பிசிறும். காலை எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

சேலைக்கு முந்தியை ஒரே கோட்டில் விடுங்கள். கொசுவத்துக்கு மூன்று கோடு போதும். எல்லா மடிப்பையும் எண்ணி வரைந்தால் துணி கட்டை போல ஆகிவிடும்.

பின்சேர்க்கை: புட்டா போட்டதும் சேலை காகிதம் போலத் தெரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாப் பூவையும் முழுதாக வரைந்திருந்தார்கள். மடிப்புக்குள் போகும் பூ பாதியில் அறுபட வேண்டும். மறுபாதி அடுத்த மடிப்பில் தலைகாட்டும், சில இடத்தில் காட்டாமலும் போகும். சேலையைக் கொடியில் போட்டுப் பார்த்து வரையுங்கள்.