வீ யூவிலிருந்து ஸ்விட்ச் வரை: நின்டெண்டோ களைந்த தவறுகள்

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் மீட்சியைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அதன் ஸ்விட்ச் என்ற ஆட்டக் கருவியை வானத்திலிருந்து குதித்த புதுமையாகவே காட்டுகிறார்கள். ஆனால் கையில் ஒரு திரை, வீட்டில் வேறொருவர் தொலைக்காட்சியைப் பிடித்துக்கொண்டாலும் ஆட்டத்தைத் தொடரலாம் என்ற யோசனை அதற்கு முந்தைய கருவியான, 2012இல் வந்த வீ யூவிலேயே இருந்தது. வீ யூ உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 35 லட்சம் விற்றதோடு அடங்கிப்போனது. 2017இல் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. அடிப்படை யோசனை ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் நடந்தது பெரும்பாலும் களையெடுப்பு. பொருள் தயாரிக்கும் எவருக்கும் அந்தக் களைகள் எவை என்பதுதான் பயன்படக்கூடிய செய்தி.

வாங்குபவர் தானே புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுவது

முதல் தவறு பெயர். 2006இல் வெளியான வீ என்ற முந்தைய கருவி பத்துக் கோடிக்கும் மேல் விற்றிருந்தது. அந்தப் புகழை அடுத்த கருவிக்கும் கடத்தலாம் என்று நினைத்து, பழைய பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தை ஒட்டினார்கள். 2011 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபோது திரை பொருத்திய கைப்பிடியைத்தான் விதவிதமாகக் காட்டினார்கள்; தொலைக்காட்சியோடு இணையும் புதிய பெட்டியைப் பெரிதாகக் காட்டவில்லை. பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? 'நம்மிடம் இருக்கும் வீக்கு ஒரு துணைக்கருவி வந்திருக்கிறது' என்றுதான். வீயின் பழைய கைப்பிடிகளும் இதில் வேலை செய்ததால் குழப்பம் இன்னும் முற்றியது. கருவி கடைக்கு வந்த பிறகும் இது தனியான புதுக் கருவி என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்படி விளக்க நேர்ந்தபோதே சந்தை கைநழுவிவிட்டது என்பது என் எண்ணம்.

ஸ்விட்ச்சை 2016 அக்டோபரில் அறிமுகப்படுத்திய காணொளி மூன்றரை நிமிடம்தான். அதில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒருவர் வீட்டில் தொலைக்காட்சியில் ஆடுகிறார்; கருவியைத் தாங்கியிலிருந்து உருவுகிறார்; வெளியே போய் அதே ஆட்டத்தைத் தொடர்கிறார். எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிட்டது. பெயரும் கருவி செய்யும் வேலையையே சொன்னது. 2025 ஜூனில் வந்த அடுத்த கருவிக்கு ஸ்விட்ச் 2 என்று எண்ணை மட்டும் சேர்த்துப் பெயரிட்டார்கள். அதில் கற்பனை குறைவுதான். ஆனால் புதியது எது, பழையது எது என்று கடைக்காரரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

விலையைக் குறைத்தால் நோய் தீரும் என்று நம்புவது

இதில் நின்டெண்டோவை ஏமாற்றியது அதன் சொந்த வெற்றிதான். கையடக்கக் கருவியான 3டிஎஸ் 2011 தொடக்கத்தில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்து தடுமாறியது. அந்த ஆகஸ்டிலேயே விலையை 15,000 யென்னாக வெட்டினார்கள். அப்போதைய தலைவர் சட்டோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். கருவி பிழைத்துக்கொண்டது, கடைசியில் ஏழரைக் கோடிக்கும் மேல் விற்றது. விலைக்குறைப்பு காப்பாற்றியது என்று சொல்வது எளிது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் ஒரு மரியோ ஆட்டமும் டிசம்பரில் மரியோ கார்ட் 7உம் வந்ததை மறந்துவிடக்கூடாது.

2013இல் வீ யூவின் விலையையும் குறைத்தார்கள். பெரிதாக ஒன்றும் அசையவில்லை. ஆடுவதற்கு ஆட்டம் இல்லாத கருவி மலிவாகக் கிடைத்தால் மட்டும் யார் வாங்குவார்கள்?

ஆட்டங்களின் வறட்சி

வீ யூவின் ஆகப் பெரிய தவறு என்று நான் எண்ணுவது இதைத்தான். 2012 நவம்பரில் கருவி வந்தது. அதன்பின் பல மாதங்களுக்குப் பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் உலகம் முழுவதும் விற்றவை வெறும் 1 லட்சத்து 60 ஆயிரம். உயர்தெளிவுத் திரைக்கு ஆட்டம் செய்ய எவ்வளவு ஆள்பலமும் காலமும் வேண்டும் என்பதை நிறுவனம் குறைத்து மதிப்பிட்டிருந்தது. அதே நேரத்தில் 3டிஎஸ்ஸுக்கும் ஆட்டங்கள் வேண்டியிருந்தன. இரண்டு கருவிகள், இரண்டு வரிசைகள். உழைப்பவர்கள் அதே ஆட்கள். கைக்கும் வாய்க்கும் எட்டாத நிலை. வெளி நிறுவனங்களும் விலகின. வீ யூவுக்கு மட்டுமே என்று அறிவித்திருந்த ரேமன் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தை யுபிசாஃப்ட் தள்ளிப்போட்டு மற்றக் கருவிகளிலும் வெளியிட்டது. விற்பனை குறைவாக இருப்பதால் ஆட்டம் வரவில்லை. ஆட்டம் வராததால் விற்பனை ஏறவில்லை. அந்தச் சுழலில் சிக்கினால் வெளியேறுவது கடினம். 2014 மார்ச்சோடு முடியும் ஆண்டில் 90 லட்சம் விற்போம் என்று கணித்தவர்கள், ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்தார்கள். அதைக்கூட முழுதாக எட்டவில்லை.

இதற்கான மருந்து விளம்பரத்தில் கிடைக்கவில்லை, அலுவலக அமைப்பில் கிடைத்தது. வீட்டுக் கருவி, கையடக்கக் கருவி என்று பிரிந்து கிடந்த வன்பொருள் பிரிவுகளை 2013இல் ஒன்றாக்கினார்கள். 2015இல் ஆட்டம் உருவாக்கும் பெரும் பிரிவுகளும் இணைந்தன. இரண்டுக்கும் ஒரே கருவி என்றானபோது மொத்த உழைப்பும் ஒரே வரிசையில் குவிந்தது. விளைவைக் காலக்கணக்கில் பாருங்கள்: 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச்சும் புதிய செல்டா ஆட்டமும் சேர்ந்தே வந்தன, ஏப்ரலில் மரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஜூலையில் ஸ்ப்ளாட்டூன் 2, அக்டோபரில் சூப்பர் மரியோ ஒடிஸி. வாங்கியவர் ஏமாந்துவிட்டோமோ என்று யோசிக்க இடைவெளியே கிடைக்கவில்லை. கருவியின் உள்ளே இருந்த சிப்பும், வெளியாருக்குப் பழக்கமான என்விடியா நிறுவனத்தின் டெக்ரா எக்ஸ்1. வெளி உருவாக்குநர்கள் அன்றாடம் பயன்படுத்தும் யூனிட்டி, அன்ரியல் ஆகிய மென்பொருள்களும் அதில் ஓடின. ஆகவே ஸ்டார்டியூ வேலி போன்ற சிறிய ஆட்டங்களும் அந்த ஆண்டிலேயே வந்து சேர்ந்தன.

தோற்ற பொருளோடு நல்ல சரக்கையும் குப்பையில் போடுவது

மரியோ கார்ட் 8 முதலில் 2014இல் வீ யூவுக்கு வந்த ஆட்டம். அங்கே சுமார் 84 லட்சம் விற்றது. கருவி விற்ற எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய சாதனை. கொஞ்சம் மெருகேற்றி ஸ்விட்ச்சில் விட்டபோது ஆறு கோடியைத் தாண்டியது. ஆட்டத்தில் குறையில்லை, அது நின்ற மேடையில்தான் குறை. புதிய நிர்வாகம் வந்தவுடன் பழைய காலத்தின் எல்லாவற்றையும் துடைத்தெறிவதைத் துணிச்சல் என்று பாராட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எது தோற்றது என்று பிரித்துப் பார்க்கச் சோம்பல்படுவதற்கு அது இன்னொரு பெயர்.

அவசரத்தில் ஆட்களை வெட்டுவது

2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் 4,320 கோடி யென் நிகர நட்டம் கண்டது. யென்னின் மதிப்பு ஏறியிருந்ததும் ஏற்றுமதியை நம்பிய நிறுவனத்தைப் பாதித்தது. வன்பொருளை விட்டுவிட்டுக் கைபேசிக்கு ஆட்டம் செய்யுங்கள் என்று பங்குச்சந்தை ஆலோசகர்கள் நெருக்கினார்கள். போட்டி நிறுவனமான சேகா, தன் டிரீம்காஸ்ட் கருவி தோற்றபின் 2001இல் கருவி தயாரிப்பை நிறுத்திய முன்னுதாரணமும் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இருப்பவர்களால் மக்களை மகிழ்விக்கும் ஆட்டத்தை உருவாக்க முடியாது என்ற பொருளில் 2013இல் பங்குதாரர்களிடம் இவாட்டா பதில் சொன்னார். ஐரோப்பியக் கிளையில் 2014இல் சில பணிகள் நீங்கின. எனினும் ஆட்டம் உருவாக்கும் மையக் குழு கலையவில்லை. கைபேசியை ஒதுக்கவும் இல்லை. 2015 மார்ச்சில் கைபேசி ஆட்டங்கள் செய்யும் டிஎன்ஏ (DeNA) நிறுவனத்தோடு கைகோத்த அதே நாளில் புதிய கருவி வருகிறது என்றும் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இவாட்டா 55 வயதில் காலமானார். ஸ்விட்ச் கடைக்கு வந்ததைக் காண அவர் இல்லை. அடுத்துத் தலைவராக வந்த தட்சுமி கிமிஷிமா அவர் போட்ட பாதையை மாற்றவில்லை. இந்தப் பொறுமைக்குப் பின்னால் கடனில்லாத, கையில் ரொக்கம் வைத்திருந்த கணக்குப் புத்தகம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேமிப்பு இல்லாத நிறுவனம் இந்தப் பகுதியை அப்படியே பின்பற்ற முடியாது.

வெற்றி வந்தபின் செய்யும் தவறு

நின்டெண்டோ தப்பாத இடமும் உண்டு. ஸ்விட்ச்சின் ஜாய்கான் கைப்பிடியில், விரல் படாமலே ஆட்டப் பாத்திரம் தானாக நகரும் கோளாறு தொடக்கத்திலேயே தலைகாட்டியது. விற்பனை கொழித்ததால் புகார்களுக்கு உரிய அவசரம் காட்டப்படவில்லை. அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. 2020 ஜூனில் அப்போதைய தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் புகாருக்குப் பின், 2023இல் உத்தரவாதக் காலம் முடிந்த கைப்பிடிகளையும் அங்கே இலவசமாகப் பழுதுபார்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஸ்விட்ச் வந்து ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன.