செப்புத் திருமேனியில் வெண்கல நோய்: கண்டுபிடிப்பதும் கட்டுப்படுத்துவதும்

செப்புத் திருமேனி பச்சையாக இருப்பது நோயல்ல. மண்ணில் கிடந்த சிலையின் மேல் இறுகிப் படிந்த கரும்பச்சைக் களிம்பு உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பு. நகை வேலைப்பாட்டின் நுணுக்கம் பல சமயம் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். கவலைப்பட வேண்டியது, குழிகளுக்குள் திட்டுத்திட்டாகப் பூக்கும் வெளிர்பச்சைப் பொடியைக் கண்டுதான். பல்குச்சியால் தொட்டாலே உதிரும். அதன் அடியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், மெழுகுப் பதத்தில் ஒன்று தெரிந்தால் அது குப்ரஸ் குளோரைடு, அதாவது செம்பும் குளோரினும் சேர்ந்த சேர்மம். இதுதான் வெண்கல நோய்.

குளோரைடு பெரும்பாலும் மண்ணின் உப்பிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ வருகிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் குப்ரஸ் குளோரைடு பச்சைப் பொடியாகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அது செம்பை அரித்து மறுபடி குப்ரஸ் குளோரைடை உண்டாக்குகிறது. குளோரைடு செலவாவதில்லை, செம்புதான் குறைகிறது. அதனால் பொடியைத் துடைத்து எடுப்பதால் மட்டும் நோய் தீராது.

முதலில் சோதனை. பாதி அரிசியளவு பொடியைச் சோதனைக் குழாயில் போட்டு, 10 விழுக்காடு நைட்ரிக் அமிலம் 1 மி.லி. விட்டுக் கரையுங்கள். (நுரைத்தால் கார்பனேட்டும் இருக்கிறது; நுரை அடங்கும்வரை பொறுங்கள்.) 1.7 விழுக்காடு சில்வர் நைட்ரேட் கரைசல் 2 துளி விட்டதும் தயிர் போல வெள்ளை வீழ்படிவு திரண்டால் குளோரைடு உறுதி. குழாய்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடியே பொய்யாக வெண்மை காட்டும். வாலை வடிநீரில் கழுவி, பொடியில்லாமல் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது பதிவு: எடை, நான்கு பக்கமும் படம், நோய்த்திட்டுகளைக் குறித்த வரைபடம். இடுக்குகளில் சந்தனம், குங்குமம், திருநீறு ஒட்டியிருந்தால் அது வழிபாட்டின் தடயம். மாதிரி எடுத்து வைக்காமல் எதையும் அகற்றக் கூடாது.

சுத்தம் செய்வது ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ், 15ஆம் எண் ஸ்கால்பெல் அல்லது ஊசியால். நோயுள்ள குழியை மட்டும் தோண்டி, சாம்பல் நிறப் பொருளை முடிந்தவரை எடுங்கள்; சுற்றியுள்ள இறுகிய களிம்பைத் தொடாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பது பூஜைப் பாத்திரத்துக்குச் சரி. இங்கே அந்த அமிலம் களிம்பைக் கரைத்து, பளபளவென்று, மேற்பரப்பை இழந்த சிலையைத்தான் மிச்சம் வைக்கும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் திருமேனிகளுக்குச் சிகிச்சை செய்தார். குளோரைடை நன்றாக இழுக்கும் முறைதான். ஆனால் களிம்பு முழுவதையும் உரித்துவிடும் என்பதால், இன்று வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைக் கையில் எடுப்பது நல்லது.

வழக்கமான மருந்து பென்சோடிரையசோல்; செம்பின் மேல் படலமாகப் பிடித்து அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள். பழைய வார்னிஷ் இருந்தால் அசிட்டோன் பஞ்சால் முதலில் நீக்குங்கள். இல்லாவிட்டால் மருந்து உலோகத்தைத் தொடாது. 30 கிராம் பென்சோடிரையசோலை எத்தனாலில் கரைத்து 1 லிட்டராக்கினால் 3 விழுக்காடு. சிலை மூழ்கும்படி ஊற்றி, வெற்றிடக் கலத்தில் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை இழுத்து, 24 மணி நேரம் ஊற விடுங்கள். கலத்தில் அடங்காத பெரிய சிலைக்குக் கரைசலில் நனைத்த பஞ்சைச் சுற்றி, பாலித்தீனால் மூடலாம். ஆழக் குழிகளில் பலன் குறைவாகவே இருக்கும். எடுத்ததும் எத்தனாலில் அலசுங்கள், இல்லையேல் வெள்ளைப் படிகம் பூக்கும். நைட்ரைல் கையுறையும் புகைப்போக்கி மேடையும் கட்டாயம்: பென்சோடிரையசோல் நச்சு, எத்தனால் தீப்பற்றும்.

உலர்ந்தபின் ஈரப்பதம் மிகுந்த மூடிய பெட்டியில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். புதிதாகப் பச்சைப் புள்ளி வந்தால் அந்த இடத்தைத் தோண்டி, மறுபடி ஊற வையுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் ஒரே குழி பூத்துக்கொண்டிருந்தால், குழிக்குள் அமிலத்தன்மை அதிகம், மருந்து அங்கே பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது சில்வர் ஆக்சைடை எத்தனாலில் குழைத்துக் குழியில் அடைத்து, ஈரக்காற்றில் வையுங்கள். சில்வர் குளோரைடாக மாறி வாயை அடைத்துக்கொள்ளும். பழுப்புப் புள்ளி தெரியும், பச்சை நிறமி கலந்து மறைக்கலாம். புள்ளி எதுவும் வராதபோது மேற்பூச்சாக பாராலாய்ட் பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின், அசிட்டோனில் 3 முதல் 5 விழுக்காடு, மெல்லியதாக இரண்டு கை. கெட்டியாகப் பூசினால் பிளாஸ்டிக் போல மின்னும்.

இத்தனையும் செய்து ஈரக்காற்றில் வைத்தால் நோய் திரும்பும். ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வினை அநேகமாக நின்றுவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி 60க்கு மேல். பகலில் ஏசி ஓடி இரவில் அணையும் கூடம் இன்னும் மோசம்: குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரக்காற்று வந்து படிகிறது. காற்றுப் புகாத பேழைக்குள் சிலிக்கா ஜெல் வைப்பதுதான் நம்பகமான வழி. ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, அதாவது 100 லிட்டர் பேழைக்கு 2 கிலோ. கூடவே ஒரு ஈரப்பதமானி. அளவு 35ஐத் தாண்டினால் ஜெல்லை எடுத்து, 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, மூடிய டப்பாவிலேயே முழுக்க ஆறவிட்டுத் திரும்ப வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலை அடிக்கடி வரும். ஆகவே மாற்றுக்கு இன்னொரு தொகுதி ஜெல் எப்போதும் உலர்ந்தபடி இருக்கட்டும்.