'டைம்'ங்கிற ஒரே வார்த்தைக்கு பிரெஞ்சுல எத்தன வார்த்தை? தமிழ்ல யோசிச்சா ஈஸி

பிரெஞ்சு கத்துக்க ஆரம்பிச்ச புதுசுல எல்லாரும் தடுக்கி விழுற இடம் இந்த டைம் தான், நாம இங்கிலீஷ் வழியா போறதால டைம்னா 'தான்' (temps) அப்படின்னு ஒண்ணே ஒண்ண மனப்பாடம் பண்ணிட்டு எல்லா இடத்துலயும் அதையே போட்டுடுறோம். (கடைசி ன்-ஐ அழுத்தாதீங்க, மூக்கு வழியா விட்டுடணும்.) ஆனா இங்கிலீஷ்ல ஒண்ணா கெடக்குறத தமிழ் ஏற்கனவே பிரிச்சு வச்சிருக்கு, நேரம், மணி, தடவை, காலம்னு. பிரெஞ்சும் கிட்டத்தட்ட அதே மாதிரி தான் பிரிக்குது. அதனால மொதல்ல சொல்ல வந்தத தமிழ்ல சொல்லிப் பாருங்க.

நேரம்னு வந்தா 'தான்'. எனக்கு நேரம் இல்ல, 'ஜ நே பா ல தான்'. மணின்னு வந்தா 'எர்'. மணி என்னன்னு கேக்க 'கெல் எர் எத்தில்', மூணு மணின்னா 'இல் எ துருவா ஸெர்'.

அதிகமா தப்பு நடக்குறது தடவைல தான். தடவைன்னா 'ஃபுவா', அங்க 'தான்' வராது. ரெண்டு தடவை 'தொ ஃபுவா', முதல் தடவை 'லா பிரமியேர் ஃபுவா', ஒவ்வொரு தடவையும் 'ஷாக் ஃபுவா'. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் இதே வார்த்தை தான், மூணு நாலு பன்னெண்டுங்கிறது 'துருவா ஃபுவா கத்ர் ஃபோன் தூஸ்'. கதை ஆரம்பிக்கிறப்ப நாம ஒரு காலத்துலன்னு சொல்ற இடத்துலயும் அவங்க 'இல் எதே யூன் ஃபுவா'ன்னு ஃபுவாவ தான் போடுறாங்க, இங்க தமிழ் கை குடுக்காது, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோங்க. எத்தன தடவைன்னா 'கோம்பியன் த ஃபுவா', எவ்ளோ நேரம்னா 'கோம்பியன் த தான்', இந்த ரெண்டயும் மாத்தி மாத்தி சொல்லிப் பழகினா பாதி குழப்பம் போயிடும்.

அந்தக் காலத்துலன்னு பழச பேசுறப்ப 'ஆ லெபொக்'.

தமிழ் கை விடுற இடம் இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, நாம மணி வேற மணி நேரம் வேறன்னு சொல்றோம், பிரெஞ்சுல ரெண்டுக்கும் 'எர்' தான், 'தொ ஸெர்'னா ரெண்டு மணியாவும் இருக்கலாம் ரெண்டு மணி நேரமாவும் இருக்கலாம், முன்னாடி 'இல் எ' வந்தா கடிகார மணி, 'பாந்தான்' வந்தா அவ்ளோ நேரமா நடந்துதுன்னு அர்த்தம். இன்னொண்ணு, 'தான்'னா வெயில் மழைன்னு வானிலையும் தான், 'கெல் தான் ஃபேத்தில்'னு யாராவது கேட்டா கடிகாரத்த பாக்காதீங்க, ஜன்னல் வழியா வெளிய பாருங்க.

அப்புறம் 'ஆ லெர்', 'ஆ தான்' இந்த ஜோடி. சொன்ன மணிக்கு கரெக்ட்டா வந்தா 'ஆ லெர்'. நல்லவேளை, காரியம் கெட்டுப் போறதுக்குள்ள வந்துட்டன்னு சொல்ற மாதிரி இருந்தா 'ஆ தான்'. ட்ரெயின் கரெக்ட் டைமுக்கு வந்துச்சுன்னா மொதல் வார்த்தை, டாக்டர் சரியான நேரத்துல வந்ததால உயிர் பொழச்சுதுன்னா ரெண்டாவது.

ஜாலியா பொழுது போச்சுன்னு சொல்லணும்னா அதுக்கு 'பாஸே அன் போன் மொமான்' சரியா வரும்.